நாலு நட்சத்திரப் பெட்டி

கம்பெனியில் அவளை ஒட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலாக ஆரம்பித்தது, நாளாக ஆக அதுவே பெயராகிவிட்டது. அவளுக்கும் அதில் கோபமில்லை. செய்கிற வேலையைச் சொல்லித்தானே கூப்பிடுகிறார்கள், இல்லாததையா சொல்லிவிட்டார்கள்?

அது ஃப்ரிட்ஜ் செய்கிற கம்பெனி. இடுப்பு உயரத்துச் சின்னப் பெட்டிகள் மட்டும். கதவு மாட்டி, கேஸ் ஏற்றி, சோதனை முடிந்து, உருளைப் பாதையில் ஒவ்வொன்றாக நகர்ந்து வரும். வரிசையின் கடைசி ஆள் அவள். பெட்டியின் பின்னால் இருக்கும் பார்கோடை மெஷின் படிக்கும், லேபிளைத் துப்பும், அவள் வாங்கிக் கதவில் ஒட்டுவாள். அந்தப் பெட்டி எவ்வளவு கரண்ட் குடிக்கும் என்று நட்சத்திரக் கணக்கில் சொல்கிற லேபிள். நடுவிலிருந்து துணியால் அழுத்தி ஓரத்துக்கு இழுத்தால் ஒரு குமிழ் இருக்காது, ஒரு நூல் கோணல் இருக்காது. அந்த லேபிளை ஒட்டினால் ஒட்டினதுதான். உரித்தால் பிய்ந்து துணுக்குத் துணுக்காக வருமே தவிர முழுசாக வராது. யாரும் ஏமாற்றி மாற்றி ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக விதியே அப்படிச் சொல்கிறதாம்.

நட்சத்திரம் கூடினால் கரண்ட் செலவு குறைவு என்பது அவளுக்குப் பாடம். யார் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஆனால் மனசுக்குள்ளே நட்சத்திரம் என்றால் நல்லது, நிறைய நட்சத்திரம் என்றால் ரொம்ப நல்லது, அவ்வளவுதான். நம்மில் மட்டும் யார் வேறு மாதிரி நினைத்துக் கடையில் நிற்கிறோம்?

பாதையில் வருவது இரண்டு ரகம். ஒன்று வீட்டு ரகம். இன்னொன்று மருந்து ரகம், ஆஸ்பத்திரிக்கும் மருந்தகத்துக்கும் போவது. இரண்டுக்கும் ஒரே உடம்பு, ஒரே வெள்ளைக் கதவு, கதவில் ஒரே மாதிரி எண் காட்டும் சின்னக் கண்ணாடி. வித்தியாசம் உள்ளே இருந்தது. மருந்து ரகத்தில் ஒரு விசிறி ஓயாமல் சுற்றி, மூலை முடுக்கெல்லாம் ஒரே குளிராக வைத்திருக்கும், எங்கேயும் ஐஸ் கட்ட விடாது. கண்ணாடியில் தெரியும் எண் உள்ளே நிஜமாக இருக்கிற குளிரின் எண். வீட்டு ரகத்தில் விசிறி கிடையாது, பின்சுவரில் ஐஸ் கட்டும், கண்ணாடியில் தெரிவது நாம் வைத்த எண் மட்டும். தயிருக்கும் காய்கறிக்கும் அது போதும்.

மருத்துவ சாதனங்களுக்கு அந்த நட்சத்திர விதியிலிருந்து விலக்கு இருந்தது. அதனால் மருந்துப் பெட்டி வந்தால் மெஷின் எதையும் துப்பாது. ஒட்டுக்காரி கையைக் கட்டிக்கொண்டு அதைப் போகவிடுவாள். இப்படியே வருஷக்கணக்காக நடந்ததில் வாசற்கூடத்தில் ஒரு வழக்கம் வேர்விட்டுவிட்டது. நட்சத்திரம் இருந்தால் கடைக்கு, மொட்டைக் கதவு என்றால் ஆஸ்பத்திரிக்கு. லாரியில் ஏற்றி ஓட்டிக்கொண்டும் போகிறவன், ஆள் உருவத்தைப் பார்த்து எல்லாரும் மலை என்று கூப்பிடுகிறவன், இந்த வழக்கத்தை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு பிரித்து ஏற்றுவான். பெட்டியின் பின்னால் கணுக்கால் உயரத்தில் ரகம் எழுதிய தகடு ஒன்று உண்டு. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. அதற்காக யார் குனிவார்கள்? கதவைப் பார்த்தாலே தெரிகிறதே.

வீட்டில் அவளுக்கு ஒரு தம்பி. அவ்வளவுதான் குடும்பம். அம்மா அப்பா அடுத்தடுத்துப் போன பிறகு அவனை வளர்த்தது இவள்தான். பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது, சுகர் என்றார்கள், ஆயுசுக்கும் ஊசி என்றார்கள். பெரியவர்களுக்கு வருகிற வியாதி குழந்தைக்கு எப்படி வரும் என்று டாக்டரிடம் சண்டைக்குப் போனவள் அவள். கட்டிக்கொண்டு போனவன், தம்பியை எங்கேயாவது விட்டுவிட்டு வா என்றான். அவள் அவனை விட்டுவிட்டு வந்துவிட்டாள்.

தம்பி வளர்ந்து பூட்டு ரிப்பேர்க்காரன் ஆனான். பஸ் நிற்கிற முனையில் ஒரு மரப்பெட்டிக் கடை, அதன் நெற்றியில் 'பூட்டு டாக்டர்' என்று அவனே எழுதிய பலகை. சாவி தொலைத்தவர்கள் அழாத குறையாக வந்து நிற்பார்கள். இவன் ஒரு கம்பியை நுழைத்து, காதைச் சாய்த்து, "பேசுது, பேசுது" என்பான். பூட்டு வாயைப் பிளந்துவிடும். வாய் ஓயாத பையன். அக்காவையும் விடமாட்டான்.

"ஊருக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் பண்ணி அனுப்புற. நம்ம வீட்ல மருந்து வெக்க மண்பானை. நல்லா இருக்குக்கா உன் நியாயம்."

"மருந்தகத்துலதான் நம்ம கம்பெனி பெட்டி இருக்கேடா. அங்கயே இருக்கட்டும். ஒவ்வொரு குப்பியா வாங்கிக்கோ."

அப்படித்தான் நடந்தது. தெருக்கோடியில் இருந்த இலவச மருந்தகத்தில் ஒரு குப்பி தீர்ந்ததும் அடுத்த குப்பி வாங்கிக்கொள்வான். காலையும் மாலையும் தானே குத்திக்கொள்வான். ஊசி போடும்போதும் எதையாவது பாடிக்கொண்டிருப்பான்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வருஷம் அந்த நட்சத்திர விதி மாறியது. தரப்பிரிவு மேனேஜர் எல்லாரையும் சோதனைக்கூடத்தில் நிற்கவைத்துப் பேசினார். கெட்ட மனுஷர் இல்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர், அவ்வளவுதான்.

"இனிமே மருத்துவ சாதனக் கம்பெனிக்கும் விலக்கு கிடையாது. மருந்துப் பெட்டிக்கும் நட்சத்திரம் உண்டு. அளவுகோலையும் இறுக்கிட்டாங்க. போன வருஷத்துல இருந்த நட்சத்திரத்துல ஒண்ணு குறையும்னு வெச்சுக்கோங்க. லேபிள் இல்லாம ஒரு பெட்டி வெளிய போச்சுன்னா கம்பெனியை இழுத்து மூடிடுவாங்க. புரியுதா?"

புரிந்தது. லேபிள் இல்லாமல் எதுவும் போகக்கூடாது. அன்றைக்கு எல்லார் தலையிலும் ஏறியது அந்த ஒன்றுதான்.

அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நட்சத்திரம் குறைந்தால் கடைக்காரன் வாங்கமாட்டான் என்று பயந்து, வீட்டு ரகத்துக்குச் சிக்கனமான புது மோட்டார் போட்டாகிவிட்டது. மூன்று நட்சத்திரத்தில் இருந்தது அதனால் நாலுக்கு ஏறியது. மருந்து ரகத்துக்கு ஓயாத விசிறி இருக்கிறதே, அது கரண்ட் குடிக்காமல் இருக்குமா? அதற்கு இரண்டுதான் கிடைத்தது. மேனேஜர் இதை மறைக்கவில்லை. கடைசியில் நிற்கிற ஒட்டுக்காரிக்கும் லாரி ஏற்றுகிறவனுக்கும் இது எதற்கு என்று நினைத்துவிட்டார்.

புது லேபிள் வந்த முதல் வாரம் அவளுக்குக் கை ஓயவில்லை. மெஷின் ஒவ்வொரு பெட்டிக்கும் துப்பியது. சிலதற்கு இரண்டு நட்சத்திரம், சிலதற்கு நாலு. அவள் துப்பியதை வாங்கி ஒட்டினாள். மொட்டைக் கதவு என்று ஒன்று இனி இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஆஸ்பத்திரிப் பெட்டியும் இப்போது அவள் கைப்பட்டுத்தானே போகிறது.

அந்த வாரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. வாசற்கூடத்துத் தகரம் ஒழுகியது. நனையக்கூடாது என்று ஆளாளுக்குப் பெட்டிகளைத் தள்ளி ஒரே மூலையில் நெருக்கி வைத்தார்கள். மறுநாள் காலை ஆஸ்பத்திரி லாரி வந்து நின்றது. மலை போய்ப் பார்த்தான். எல்லாக் கதவிலும் நட்சத்திரம். தலையைச் சொறிந்துகொண்டு அவளிடம் வந்தான்.

"அக்கா, வழக்கமா மொட்டையா இருக்கும். இப்ப எல்லாம் பொட்டு வெச்சுக்கிட்டு நிக்குது. எதுக்கா ஆஸ்பத்திரிக்கு?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். பொறுப்பில்லாமல் சொல்லிவிட்டாள் என்று யாரும் பின்னால் சொல்லிவிட முடியாது. நன்றாகவே யோசித்தாள். வீட்டு ரகத்துக்கு மூன்று இருந்தது, ஒன்று குறையும் என்று மேனேஜர் சொன்னார், ஆக இரண்டு. அப்படியானால் இந்த நாலு யாருடையது? புதிதாக நட்சத்திரம் வாங்கிய மருந்துப் பெட்டியுடையது. கணக்கு பிசகாமல் பொருந்தியது. மனசும் அதற்கே தலையாட்டியது. தன் தம்பி மாதிரி எத்தனை பேர் மருந்து அதில் இருக்கும்?

"நாலு நட்சத்திரம் போடுடா. ஆஸ்பத்திரிக்கு நல்லதுதான போகணும்."

"அதான, அதான். நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று மலை சந்தோஷமாகப் போய் நாலு நட்சத்திரமாகப் பொறுக்கி ஏற்றினான். இரண்டு நட்சத்திரம் கடைகளுக்குப் போயின. அந்த மாதத்தில் ஒரு கடைக்காரன், பெட்டி ஓயாமல் முனகுகிறது என்று ஒன்றைத் திருப்பி அனுப்பினான். அது முனகுகிறதா, பாடுகிறதா என்று கம்பெனியில் சிரித்தார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

தெருக்கோடி மருந்தகத்துக்கும் ஒன்று வந்தது. பழைய பெட்டி ஓய்ந்துபோய்விட்டதாம். தம்பி மருந்து வாங்கும்போது கூடப் போனவள் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கமிருந்தே அதைப் பார்த்துவிட்டாள். உள்ளே கம்பவுண்டருக்குப் பின்னால் நாலு நட்சத்திரம் நேராக நின்றது.

"பார்டா, நான் ஒட்டினது."

"தெரியுது. ரொம்பக் கோணலா இருக்கு."

"எங்கடா கோணல்?" என்று அவள் பதறிப்போய்க் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். தம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அதற்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்ததாக அவளுக்கு ஞாபகமில்லை. கொஞ்ச நாளிலேயே சுகர் ஏற ஆரம்பித்தது. மருந்தகத்துக்கு வாரம் ஒருமுறை வரும் டாக்டரம்மா அளவைக் கூட்டினார். அப்போதும் ஏறியது. இன்னும் கூட்டினார். அவன் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான், சட்டை தோளில் தொங்கியது, கடையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். பூட்டு டாக்டருக்கே வைத்தியம் பார்க்கணும் போல என்று பஸ்ஸுக்கு நிற்பவர்கள் கிண்டல் செய்தார்கள்.

"வாயைக் கட்டுறியா இல்லையா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கட்டித்தான் இருக்கேன் டாக்டர்."

"அப்புறம் எப்படி ஏறும்?"

டாக்டரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைதான் அவள் மனசில் முதலில் விழுந்த சந்தேக விதை.

ஒரு நாள் வாந்தியெடுத்து நினைவு தப்பியவனைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே தங்களிடம் இருந்த மருந்தையே போட்டார்கள். சில நாளில் சுகர் மளமளவென்று இறங்கியது, முகத்தில் களை வந்தது, பக்கத்துக் கட்டில்காரரின் பெட்டிப் பூட்டைத் திறந்துகொடுத்து நல்ல பெயர் வாங்கினான். வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இங்க நாங்க குடுக்கிறத சாப்பிட்டா கட்டுக்குள்ள இருக்கு. வீட்டுக்குப் போனா ஏறுது. நான் சொல்லணுமா? கண்காணிச்சுக்கோங்க."

இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? ஊசி அதே ஊசி, மருந்து அதே மருந்து. மாறுவது வாய் ஒன்றுதான். மருந்தைச் சந்தேகிக்கிற எண்ணமே அவளுக்கு எழவில்லை. நாலு நட்சத்திரப் பெட்டியில், அவள் கையால் ஒட்டிய லேபிளுக்குப் பின்னால் இருக்கிற மருந்து அது.

வீட்டுக்கு வந்த அன்றே சமையலறைக் கதவுக்குப் பூட்டு வாங்கினாள். வெளியே ஒரு குடம் தண்ணீரும் அளந்து வைத்த சாப்பாடும். மற்றதெல்லாம் உள்ளே.

"பூட்டுக்காரனுக்கே பூட்டா?" என்று சிரிக்கப் பார்த்தான்.

"உனக்குப் பூட்டு ஒரு பூட்டா? கண் மூடித் திறக்கிறதுக்குள்ள திறந்துட மாட்டே?"

அவன் முகம் விழுந்துவிட்டது. பிறகு அவனே ஒரு வழி சொன்னான். "உங்க கம்பெனி லேபிள் உரிச்சா பிய்ஞ்சுடும்னு சொல்வியே, அதுல ஒண்ண பூட்டு மேலயும் கதவு மேலயும் சேர்த்து ஒட்டிட்டுப் போ. பிய்ஞ்சிருந்தா என்னை அடி."

கோணலாக அச்சாகிக் கழித்த லேபிள்கள் குப்பைக்கூடையில் கிடக்கும். அவள் அவற்றைக் கொண்டுவந்து தினமும் வேலைக்குப் போகும்முன் ஒன்று ஒட்டினாள். தினமும் திரும்பி வந்து விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு நாளும் பிய்ந்திருக்கவில்லை. சுகர் பார்க்கும் மெஷினில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அப்படியென்றால் வெளியே தின்கிறான், கடையில் உட்கார்ந்துகொண்டு தின்கிறான் என்று முடிவுகட்டினாள். கடைக்குப் போகாதே என்றாள். அவன் போகவில்லை. அப்போதும் எண் ஏறியது.

அவன் வீட்டிலேயே கிடந்த அந்த நாட்களில் ஒரு காலை, போர்வையைச் சரிசெய்யக் குனிந்தவளுக்கு அவன் மூச்சில் வாசனை அடித்தது. கனிந்து முற்றிய பழ வாசனை. அவளுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

"வாயில பழ வாசனை அடிக்குது. இன்னும் என்னடா பொய்?"

"அக்கா, நான் ஒண்ணும் சாப்பிடலக்கா."

"உனக்காக என் வாழ்க்கையையே விட்டேன். நீ ஒரு பழத்தை விடமாட்டே."

இதை அவள் அதுவரை அவனிடம் சொன்னதே இல்லை. சொல்லவே கூடாது என்று இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் பூட்டின் மேல் லேபிளை ஒட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் வந்தபோது அவன் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தான். டம்ளர் உருண்டு கிடந்தது. மூச்சு வேகமாக, ஆழமாக, யாரோ துரத்தி ஓடிவந்தவன் மூச்சு மாதிரி வந்துகொண்டிருந்தது. கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று அழுதாள்.

"மத்தியானத்துலேருந்து வாந்தி. உனக்கு ஃபோன் போடறேன்னு சொன்னேன். வேணாம்மா, அக்கா திட்டும்னு கையைப் பிடிச்சுக்கிட்டான்."

ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாம் செய்தார்கள். மறுநாள் காலை அவன் போய்விட்டான். அந்தப் பழ வாசனையைப் பற்றி அவள் கேட்டபோது, பணியில் இருந்த டாக்டர் களைத்துப்போய்ச் சொன்னார்: "அது பழம் இல்லம்மா. உடம்புல இன்சுலின் வேலை செய்யலன்னா மூச்சு அப்படித்தான் வாசனை அடிக்கும். சாப்பிட்டதால இல்ல."

அதை அவள் கேட்டாள், ஆனால் அன்றைக்கு அது உள்ளே இறங்கவில்லை. எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்து சமையலறையைத் திறக்கப் போனபோதுதான் கை நின்றது. பூட்டின் மேல் லேபிள் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.

பிறகு அவள் எல்லாரையும் போல வேலைக்குப் போகவும் வரவும் ஆரம்பித்தாள். பானையில் பிரிக்காத குப்பி ஒன்று மிச்சம் இருந்தது. யாருக்காவது ஆகட்டும் என்று ஒரு விடுமுறை நாளில் அதை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனாள். கம்பவுண்டர் நல்ல மனுஷர். இவளைப் பார்த்ததும் எழுந்து, கம்பிக்கதவைத் திறந்து உள்ளே உட்காரச் சொன்னார். பெட்டியை விட்டு வெளியே போன மருந்தைத் திருப்பி வாங்கக்கூடாது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். பேசிக்கொண்டே வேறு யாருக்கோ மருந்து எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

பின்வரிசையில் இருந்த அட்டைப்பெட்டி வரவில்லை. அவர் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினார். சடக்கென்று விட்டது. பெட்டியின் முதுகில் வெள்ளையாக ஐஸ்.

"பின்னாடி வெச்சா கொஞ்சம் ஒட்டிக்கும். தட்டினா வந்துடும்" என்றார் கம்பவுண்டர், மன்னிப்புக் கேட்கிற குரலில். "குளிர் நல்லாத்தான் இருக்கு. பாருங்க, எப்பவும் அஞ்சுதான் காட்டும்."

அவள் எழுந்து போய்க் கதவில் காதை வைத்தாள். கம்பெனி வரிசையில் நிற்கிற எல்லாருக்கும், சோதனையில் ஓடும்போது மருந்துப் பெட்டி போடும் சத்தம் தெரியும். விசிறி ஓயாமல் முனகும். இதில் ஒரு சத்தமும் இல்லை. கதவைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பின்சுவரைத் தடவினாள். விரல் ஐஸில் ஒட்டியது. பெட்டியை இழுத்துத் திருப்பிக் குனிந்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்தத் தகட்டைப் படித்தாள். வீட்டு ரகம்.

"உறைஞ்ச மருந்து என்னாகும்?" என்று கேட்டாள்.

"இன்சுலினா? உறைஞ்சா செத்துடும்மா. அப்புறம் இளகினாலும் தண்ணிதான். பார்த்தா தெரியாது." சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த அட்டைப்பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கதவை மூடியதும் நாலு நட்சத்திரம் அவள் முகத்துக்கு நேராக வந்தது. ஒரு குமிழ் இல்லை, ஒரு நூல் கோணல் இல்லை.

அவள் நேராகக் கம்பெனிக்குப் போனாள். விடுமுறை நாளிலும் மேனேஜர் இருந்தார். முழுதும் கேட்டார். முகம் வெளுத்தது. கம்ப்யூட்டரில் எதையோ தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சொன்னார்:

"லேபிள் எல்லாம் சரியாத்தானே இருக்கு. ஒவ்வொண்ணும் அததுக்குச் சரியான லேபிள். விதிப்படி நம்ம மேல ஒரு தப்பும் இல்ல."

"என் தம்பி செத்துட்டான் சார்."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். யார் ஏற்றியது என்று கேட்டார். மலையைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவன் விஷயத்தைக் கேட்டதும் ஓர் எட்டு முன்னால் வந்தான். "நான்தான் சார், நான்தான் பார்த்து ஏத்தினேன்" என்றான். அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"அவன் எங்கிட்ட கேட்டான் சார். நாலு நட்சத்திரத்தை அனுப்புன்னு நான்தான் சொன்னேன்" என்றாள் அவள்.

மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யார்மேல் போடலாம் என்று பார்த்தாரோ, தன்மேலும் பங்கு இருப்பது அப்போதுதான் உறைத்ததோ, தெரியாது. மறுநாள் விடிந்ததும் இருவரையும் அந்த ஆஸ்பத்திரி லாரியிலேயே சரியான பெட்டிகளோடு அனுப்பினார். அந்த மழை வாரத்திலிருந்து எங்கெல்லாம் இறக்கியது என்று மலைக்குத் தெரியும். போகும்முன் வாசல் வரை வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "சர்வீஸுக்காக மாத்தறோம்னு மட்டும் சொல்லுங்க. உள்ள இருக்கிற மருந்தை நாங்க வாங்கிக்கிறோம், புதுசு தர்றோம்னு சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை வேண்டாம். கம்பெனி நிக்கணுமில்ல?"

அவள் சரி என்று தலையாட்டினாள். நிஜமாகவே அப்படித்தான் செய்யவும் செய்தாள். ஒவ்வொரு மருந்தகமாக நின்றது லாரி. மலை பழையதை இறக்கிப் புதியதை வைப்பான். அவள் குப்பிகளைப் பையில் வாரிக்கொள்வாள், சர்வீஸ் என்பாள். சில இடத்தில் கம்பவுண்டர்கள், ஐஸ் ஒட்டும் தொல்லை தீர்ந்தது என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். லாரி ஓட்டும்போது ஒரு முறை மலை ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, "நல்லதா போகணும்னுதான அக்கா..." என்று ஆரம்பித்தான். அவள் கையைத் தூக்கி நிறுத்திவிட்டாள்.

கடைசி இடம் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன மருந்தகம். மலை புதுப் பெட்டியை முதுகில் தாங்கி வாசலுக்குக் கொண்டுவந்து நடைபாதையில் வைத்தான். கம்பிக்கு முன்னால் ஓர் அம்மா, பக்கத்தில் சீருடைப் பாவாடை போட்ட மகள். பெண்ணுக்குத் தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சுவரில் சாய்ந்து நின்றவள், நிற்கமுடியாமல் மெல்லச் சரிந்து படியில் உட்கார்ந்தாள்.

"எழுந்திரு. நடிப்பெல்லாம் எங்கிட்ட வேண்டாம்" என்றாள் அம்மா. கம்பவுண்டரிடம் திரும்பி, "பாருங்க சார், எவ்வளவு சொன்னாலும் கேக்கறதில்ல. யார் குடுக்கிறாங்கன்னே தெரியல, திருட்டுத்தனமா திங்குது. கிட்ட போனா வாயெல்லாம் பழ வாசனை" என்றாள்.

"நான் சாப்பிடலம்மா" என்றது பெண், தரையைப் பார்த்தபடி. எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி இனி யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்துபோன குரல் அது.

ஒட்டுக்காரியின் கையிலிருந்த பை கீழே விழுந்தது. அவள் போய்ப் பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் தூக்கி, மூச்சை முகர்ந்தாள். அதே வாசனை.

"இவ சாப்பிடலம்மா" என்றாள். "இவ சொல்றது நிஜம். எதையும் திங்கல. நீங்க போட்ட மருந்துதான் செத்த மருந்து. நாங்க அனுப்புன பெட்டி தப்பான பெட்டி. அதுல உறைஞ்சு போச்சு. நான்தான் அனுப்பச் சொன்னேன்."

"யார் நீங்க?" என்றாள் அந்த அம்மா, ஒன்றும் புரியாமல்.

"அப்புறம் சொல்றேன், எல்லாத்தையும் சொல்றேன். இப்ப பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். டேய் மலை, வண்டியை எடு!"

மலை பெட்டியை நடைபாதையிலேயே போட்டுவிட்டு ஓடினான். அவள் பெண்ணைத் தூக்கினாள். கனமே இல்லை. லாரியின் முன் சீட்டில் மடியில் இருத்திக்கொண்டதும், அம்மாவும் அழுதுகொண்டே ஏறி நெருக்கி உட்கார்ந்தாள். பெண் கண்ணை இடுக்கிக்கொண்டு இவள் முகத்தைப் பார்த்தது.

"நான் சாப்பிடலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது.

அவள் பெண்ணின் தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் லாரிக் கதவைச் சாத்தினாள்.